எச்சில் வடிந்தால் பல்லா?

நான்கு மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தால் போதும். பூக்காரம்மா, இஸ்திரி வண்டிக்காரர், மாடி வீட்டு ஆச்சி என்று குறைந்தது மூன்று பேராவது குழந்தையின் நனைந்த மோவாயைப் பார்த்துவிட்டு, "பல்லு வருது போல" என்று சொல்லிவிடுவார்கள். இரவில் தூங்கவில்லையென்றால் பல், பால் குடிக்க மறுத்தால் பல், வயிற்றால் போனால் பல், உடம்பு சுட்டாலும் பல். இந்தத் தீர்ப்பில் உள்ள வசதி என்னவென்றால், அதை யாராலும் பொய்யென்று காட்ட முடியாது. பல் இன்னும் வரவில்லையே என்றால், உள்ளே ஊறல் எடுக்கிறது என்பார்கள். இரண்டு மாதம் கழித்து வந்துவிட்டால், அன்றைக்கே சொன்னேனே என்பார்கள். இரண்டு பிள்ளைகளை வளர்த்து, தங்கையின் மகளையும் அருகிலிருந்து பார்த்தபின் என்னுள் உறுதிப்பட்டிருக்கும் எண்ணம் ஒன்றுதான்: பல் என்பது கடைசியாகச் சொல்ல வேண்டிய காரணம். மற்றவை எதுவும் இல்லையென்று பார்த்த பிறகு, ஈற்றையும் தொட்டுப் பார்த்த பிறகு சொல்ல வேண்டியதை, நாம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் இவ்வளவு வேரூன்றியிருப்பதற்குக் கணக்கிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பால்பற்கள் 20. முதல் பல் சராசரியாக ஆறாவது மாதத்தை ஒட்டி வெளிவருகிறது. நான்காம் மாதத்திலேயே வருவதும் உண்டு, முதல் பிறந்தநாளைத் தாண்டி வருவதும் உண்டு. கீழ்த்தாடையின் நடுப்பற்கள் இரண்டும் பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்துக்குள், மேல் நடுப்பற்கள் 8 முதல் 12 மாதத்துக்குள், முதல் கடைவாய்ப்பற்கள் 13 முதல் 19 மாதத்துக்குள், அதையடுத்துக் கோரைப்பற்கள், கடைசியில் 23 முதல் 33 மாதத்துக்குள் இரண்டாம் கடைவாய்ப்பற்கள் என்று வரிசை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. ஆகவே ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரை குழந்தைக்கு எந்த நோய் வந்தாலும், அதற்குச் சற்று முன்னோ பின்னோ ஒரு பல் இருக்கத்தான் செய்யும். சளி பிடித்த வாரத்தில் பல் வந்தது உண்மையாகவே இருக்கலாம். பல்தான் சளியைக் கொண்டுவந்தது என்பது வேறு பேச்சு.

எல்லோருடைய கண்ணிலும் முதலில் படுவது எச்சில் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பிறந்த குழந்தைக்கு உமிழ்நீர் குறைவாகவே சுரக்கிறது. இரண்டு, மூன்று மாதங்களில் சுரப்பிகள் விழித்துக்கொண்டு அதிகமாகச் சுரக்கத் தொடங்கும்போது, அந்த நீரை அவ்வப்போது விழுங்க வேண்டும் என்ற பழக்கம் குழந்தைக்கு இன்னும் படிந்திருப்பதில்லை. உதடுகள் பாதி நேரம் திறந்தே இருக்கின்றன. உள்ளே தேக்கிவைக்க முன்பற்களும் இல்லை. விளைவாக, சட்டையின் மார்புப் பகுதி நாள் முழுவதும் ஈரமாக இருக்கிறது. அதே மாதங்களில்தான் குழந்தை தன் கையைக் கண்டுபிடித்து, அதை வாயில் திணித்து, முஷ்டி முழுவதையும் சப்பத் தொடங்குகிறது. கையும் கண்ணும் வாயும் ஒன்றோடொன்று இணங்கி வேலை செய்யக் கற்கும் வளர்ச்சிப் படி அது. என் மூத்த மகளுக்கு மூன்றரை மாதத்தில் மோவாயிலிருந்து சொட்டிய எச்சிலுக்கும், பத்தாவது மாதம் முடியும் தறுவாயில் வந்த முதல் பல்லுக்கும் நடுவே கிடந்த அத்தனை மாதங்களிலும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பல்லை எதிர்பார்த்தபடியே இருந்தார்கள். இளையவனுக்கு எச்சிலே அவ்வளவாக வடியவில்லை. ஐந்தாவது மாதத்தில் சத்தமில்லாமல் இரண்டு பல் வந்துவிட்டது.

எச்சிலால் வரும் உண்மையான தொல்லை தோலுக்குத்தான். மோவாயிலும் கழுத்து மடிப்புகளிலும் ஈரம் தங்கி, சிவந்து, சிறு சிறு பொரிகளாகத் தடித்துவிடும். அந்த மடிப்பை விரித்துப் பார்க்காமல் மேலோட்டமாகத் துடைத்துவிட்டால், உள்ளே பால்வாடையோடு தோல் வழன்று போயிருப்பது தெரியாது. குழந்தை சிணுங்குவதற்கு அதுவே போதும். மென்மையான பருத்தித் துணியால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, காய்ந்த பின் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் மெல்லப் பூசி, நனைந்த சட்டையை உடனுக்குடன் மாற்றினால் சில நாளில் ஆறிவிடும்.

இனி ஆறாவது மாதம். எதுவுமே தனியாக வராத மாதம் இது. தாயின் வயிற்றிலிருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்த நோய் எதிர்ப்புப் பொருள்கள் ஏறக்குறைய இந்தச் சமயத்தில் குறைந்துபோகின்றன. குழந்தையின் சொந்த எதிர்ப்பாற்றல் இன்னும் முழுமை பெறவில்லை. தவழத் தொடங்கிய குழந்தை, தரையில் கிடக்கும் செருப்பிலிருந்து டிவி ரிமோட் வரை எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கிறது. தாய்ப்பாலோடு ராகிக் கஞ்சியும் மசித்த சாதமும் சேர்வதால் மலத்தின் நிறமும் பதமும் மாறுகின்றன. சிலருக்குப் பேறுகால விடுப்பு முடிந்து அம்மா வேலைக்குத் திரும்புகிறாள். எட்டு, ஒன்பது மாதத்தில் அம்மா கண்ணைவிட்டு மறைந்தாலே அழுகை, இரவில் அடிக்கடி விழிப்பு என்று இன்னொரு கட்டம் வருகிறது. இவற்றில் எதுவும் பல்லின் வேலையல்ல. ஆனால் எல்லாமும் பல் வரும் பருவத்தில் நடக்கின்றன.

பெற்றோர் நினைவை மட்டும் நம்பாமல் நாள்தோறும் குறித்துவைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்து, 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 125 குழந்தைகளின் பெற்றோர் வெப்பநிலையையும் அறிகுறிகளையும் அன்றன்றே எழுதிவைத்தார்கள். 475 பற்கள் வெளிவந்தன. பல் வெளிவருவதற்கு முந்தைய நான்கு நாள், வந்த நாள், அடுத்த மூன்று நாள் என்ற எட்டு நாளில்தான் சற்றே வேறுபாடு தெரிந்தது. கடிப்பது, எச்சில், ஈற்றைத் தேய்த்துக்கொள்வது, எரிச்சல், காதைத் தேய்ப்பது, திட உணவில் நாட்டம் குறைவது, முகத்தில் மட்டும் தடிப்பு, உடல் வெப்பம் மிகச் சிறிதளவு கூடுவது ஆகியவை அந்த நாள்களில் கொஞ்சம் அதிகம். இருமல், வாந்தி, பேதி, கடும் காய்ச்சல், பால் குடிப்பது குறைதல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு தென்படவில்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்த செய்தி, எந்த ஓர் அறிகுறியும் பல் வந்துகொண்டிருந்த குழந்தைகளில் 35 விழுக்காட்டுக்கு மேல் காணப்படவில்லை என்பதுதான். அதாவது, அறிகுறிகளைக் கூட்டிக் கழித்து 'நாளை பல் வரும்' என்று சொல்ல எந்த வழியும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு வெளியான, மெல்போர்ன் நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில் 21 குழந்தைகளைப் பல மாதங்கள் பார்த்த இன்னொரு ஆய்வில், பல் வந்த நாள்களுக்கும் வராத நாள்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே தெரியவில்லை. ஆனால் முடிவில் பெற்றோரைக் கேட்டபோது, பல் வந்தபோது பிள்ளை சிரமப்பட்டது என்றுதான் சொன்னார்கள். நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று இனி நினைக்க வேண்டியதில்லை.

சரி, உண்மையிலேயே பல்தானா என்று எப்படிப் பார்ப்பது? நகத்தை ஒட்ட வெட்டி, சோப்பு போட்டுக் கைகழுவி, சுட்டுவிரலின் சதைப்பகுதியால் கீழ் ஈற்றின் முன்பக்கத்தை இடமிருந்து வலமாக மெதுவாக வருடிப் பார்க்க வேண்டும். பல் தொலைவில் இருந்தால் ஈறு வழுவழுப்பாக, மெல்லிய விளிம்போடு இருக்கும். பல் நெருங்கும்போது அந்த விளிம்பு தடித்து, மழுங்கி, வெளிறிய மேடாகத் தெரியும். வெளிச்சத்தில் பார்த்தால் மேட்டின் உச்சியில் தோல் இழுத்துக் கட்டினாற்போல் வெண்மையாக இருக்கும். வெளிவந்த அன்று விரலில் படுவது நொய்யரிசியின் முனை போன்ற சிறு உறுத்தல். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பல நேரம் அது காதுக்குத் தெரிந்துவிடும்: எங்கள் வீட்டில் மூத்தவளுக்கு முதல் பல்லை அறிவித்தது, கஞ்சி ஊட்டிய எவர்சில்வர் கரண்டி கீழ் ஈற்றில் பட்டு எழுப்பிய 'டிக்' என்ற ஓசைதான். சில நேரம் பல் வரும் இடத்தில் நீலம் பாய்ந்த சிறு கொப்புளம் எழும்பி நிற்கும். இரத்தம் கட்டிவிட்டதோ என்று பயமுறுத்தினாலும், பெரும்பாலும் பல் வெளிவந்ததும் அது தானாக உடைந்து மறைந்துவிடும். அதைக் குத்திவிடக் கூடாது.

பல்லால் வரும் சிணுங்கலுக்கு ஒரு குணம் உண்டு. குழந்தை எரிச்சலாக இருக்கும், ஆனால் தூக்கிக்கொண்டு நடந்தால், கடிக்க ஏதாவது கொடுத்தால், பூனையைக் காட்டினால் மறந்துவிடும். நடுநடுவே சிரிக்கும். கரண்டியைத் தள்ளிவிட்டாலும் பாலை முற்றிலும் மறுக்காது. மூத்திரம் வழக்கம்போல் போகும். இரண்டு மூன்று நாள், அதிகம் போனால் ஒரு வாரம் என்று முடிந்துவிடும். எந்தச் சமாதானத்துக்கும் அடங்காமல் மணிக்கணக்கில் வீறிட்டு அழுவதும், அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடப்பதும் பல்லின் குணமல்ல.

காய்ச்சல் விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. கன்னத்தில் புறங்கையை வைத்து 'லேசா சுடுது' என்று சொல்வது அளவாகாது, தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காட்டினால் அது காய்ச்சல், பல் வரவால் அந்த அளவு ஏறுவதில்லை. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த எண் தெரிந்தால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தங்கையின் மகளுக்கு ஒன்பது மாதம் நடந்தபோது இரண்டு நாளாக 102 டிகிரி காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, மேல் ஈறு நன்றாக வீங்கியிருந்தது. அத்தை உட்பட வீட்டில் எல்லோரும் பல் என்றே நம்பினார்கள்; நம்புவதற்குக் காரணமும் கண்முன் இருந்தது. தங்கை அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தஞ்சாவூரில் குழந்தை மருத்துவரிடம் தூக்கிப் போனாள். அவர் காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சிறுநீர்த் தொற்று. வெளியே வேறு எந்த அடையாளமும் காட்டாமல் காய்ச்சலை மட்டும் காட்டும் நோய்களில், இந்த வயதில் அதுதான் முக்கியமானது. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. மருந்து தொடங்கிய பிறகு, அதே வாரத்தில் மேல் பல்லும் வந்தது. "பல்லும் வருது, காய்ச்சலும் வருது, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லைம்மா" என்று மருத்துவர் சொன்னதை அத்தை இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தடுப்பூசியையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகளுக்குக் காய்ச்சல் ஓரிரு நாளிலேயே வருவதால் யாரும் குழம்புவதில்லை. ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குச் சில குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும். அதற்குள் ஊசி போட்டதே வீட்டில் மறந்துபோயிருக்கும். பல் மட்டும் எதிரில் தெரியும்.

பேதியைப் பல்லோடு சேர்ப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 'பல் முளைக்கும்போது வயிற்றால் போகத்தான் செய்யும்' என்று சொல்லிக் காத்திருக்கும் இரண்டு நாளில் ஒரு கைக்குழந்தையின் உடலிலிருந்து எவ்வளவு நீர் போய்விடும் என்பதை யோசிக்க வேண்டும். தண்ணீர் தண்ணீராகப் பலமுறை போனால் காரணம் பெரும்பாலும் வாய்க்குள் போன கிருமிதான். தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாக மருந்தை 14 நாள் தர வேண்டும். கண் குழிந்து, உச்சிக்குழி பள்ளமாகி, அழுதாலும் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாக டயபர் நனையாமல் இருந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

காதைப் பிடித்து இழுப்பதற்குக் களைப்பும் வெறும் பழக்கமும்கூடக் காரணமாகலாம். ஆனால் சளி பிடித்து நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சலோடு, படுக்கவைத்தால் அழுது, நிமிர்த்தித் தூக்கினால் சற்று அடங்கினால் நடுக்காதில் தொற்று இருக்கலாம். அதை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காதுகுத்து முடிந்த குழந்தையானால் முதலில் அந்தத் துளையைப் பாருங்கள். மொட்டையும் காதுகுத்துமாகக் குலதெய்வக் கோயிலில் நடக்கும் விழாவுக்குப் பிறகு, கம்மல் திருகு அழுந்திச் சீழ் பிடித்த காதுமடலை இழுத்துக்கொண்டு அழும் குழந்தையின் வாய்க்குள் எல்லோரும் பல்லைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வாயைப் பார்க்கும்போது ஈற்றோடு நிறுத்திவிடாமல் நாக்கு, உதட்டின் உட்புறம், அண்ணம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஈறு முழுவதும் சிவந்து வீங்கி, தொட்டாலே இரத்தம் கசிந்து, அங்கங்கே புண்கள் இருந்தால் அது வைரஸ் தொற்று. எச்சில் பெருகும், குழந்தை பாலைக்கூட விழுங்காது, காய்ச்சலும் இருக்கும். உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளங்கள் இருந்தால் கை-கால்-வாய் நோய். எல்லாவற்றையும்விட அவசரமானது, நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று எச்சில் கொட்டி, விழுங்க முடியாமல், ஓங்கரித்து, மூச்சில் ஓசை கேட்பது. ஏதோ தொண்டையில் சிக்கியிருக்கலாம். பொம்மையிலிருந்தோ ரிமோட்டிலிருந்தோ கழன்ற பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். அங்கே காத்திருப்பதற்கு இடமே இல்லை.

பல்லுக்கென்று விற்கப்படும் மருந்துகளின் வரலாறு நல்ல வரலாறு அல்ல. 1839-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,016 இறப்புகளுக்குக் காரணம் பல் முளைத்தல் என்று பதிவேட்டில் எழுதினார்கள். அந்தக் குழந்தைகள் வேறு என்னென்ன நோய்களில் இறந்தார்களோ. அந்நாட்டில் பல் பொடிகளில் பாதரச உப்பைச் சேர்த்தார்கள். கைகால் சிவந்து உரிந்து குழந்தைகள் வாடிய நோய், 1950-களில் பாதரசத்தை விலக்கிய பிறகுதான் மறைந்தது. 2008-இல் நைஜீரியாவில் பல் வலிக்கென்று விற்ற 'மை பிகின்' என்ற திரவ மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்ததால் 84 குழந்தைகள் இறந்தார்கள். ஈற்றை மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடவக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் கண்டிப்பாகச் சொன்னது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும் ஆபத்து அதில் உண்டு. வாய்ப்புண்ணுக்கென்று நம் மருந்துக்கடைகளில் எடுத்துத் தரும் ஜெல்லையும் கேட்காமல் கைக்குழந்தைக்குத் தடவக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும். கடிப்பதற்கென்று கழுத்தில் மணியோ வசம்பு கோத்த கயிறோ கட்டுவதும் ஆபத்து. தூக்கத்தில் கயிறு இறுக்கலாம், மணி அறுந்து தொண்டையில் சிக்கலாம்.

உண்மையில் தேவைப்படுவது மிகக் குறைவு. சுத்தமான துணியை நனைத்து, ஃபிரிட்ஜில் குளிரவைத்து (ஃப்ரீஸரில் அல்ல, கல்லாக உறைந்தால் ஈற்றைப் புண்ணாக்கும்) கடிக்கக் கொடுக்கலாம். கழுவிய விரலால் ஈற்றை ஒரு நிமிடம் அழுத்திக்கொடுத்தால் பல குழந்தைகள் வாயை அகலத் திறந்து காட்டுவார்கள். உள்ளே நீர் நிரப்பாத, கெட்டியான ரப்பர் கடிப்பான் போதும். பச்சைக் கேரட்டும் ரஸ்க்கும் உடைந்து தொண்டையில் மாட்டக்கூடியவை. இரவில் மிகவும் தவித்தால் மருத்துவர் எடைக்கேற்பச் சொன்ன அளவில் பாராசிட்டமால் ஒரு வேளை தரலாம். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராமும், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராமும் இருப்பதால், ஒன்றுக்குச் சொன்ன அளவை இன்னொன்றில் ஊற்றினால் பெரும் தவறாகிவிடும். தருவதற்கு முன் வெப்பநிலையைப் பார்த்து எழுதிவைப்பது நல்லது. மருந்து காய்ச்சலை மூடிவிட்டால் பிறகு எதை வைத்து முடிவு செய்வது?

மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று இன்னும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எந்தப் பல் முந்தினாலும் மருத்துவத்தில் அதற்குப் பொருளில்லை. எங்கள் உறவில் அப்படிப் பல் வந்த குழந்தையின் மாமா நலமாக இருக்கிறார், வளையலும் போட்டார். ஒன்றேகால் வயது தாண்டியும் ஒரு பல்கூட வரவில்லையென்றால் குழந்தைகளுக்கான பல் மருத்துவரிடம் காட்டலாம். பல நேரம் அது அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வரும் தாமதம்தான். அரிதாகத் தைராய்டு குறைவோ வைட்டமின் டி குறைவோ காரணமாக இருக்கும்.

இரண்டு வயதுக்குப் பிறகு வரும் கடைசிக் கடைவாய்ப்பற்களுக்கு ஒரு வசதி உண்டு: அப்போது குழந்தையே வாயைத் திறந்து சொல்லும். இளையவன் ஒருநாள் சோற்றை ஒதுக்கிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பல்லு வலிக்குது" என்று விரலை உள்ளே விட்டுக் காட்டினான். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறு மேடிட்டு, ஒரு வெள்ளை முனை மட்டும் எட்டிப் பார்த்தது. அந்த வாரமே மறுபடி அதே கன்னம், அதே விரல், அதே புகார். அத்தை, "அடுத்த பக்கமும் வருது" என்று சொல்லி முடிப்பதற்குள் கைகழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். இரண்டு பல்லுக்கு நடுவில் கொய்யாப்பழ விதை.